குளியலறையில் வந்த குட்டிப் பாம்புகளும் எழுபதாயிரம் ரூபாயும்

மொத்தச் செலவு எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. குளியலறைத் தரையை உடைத்துப் போட்டதில் 39,000. அத்தை, அதாவது என் மாமியார், அவர் கால் வைத்தியத்துக்கு 17,000. ஆசிட், பொடி, தெளிப்பு என்று வாங்கியதில் 4,000. பையன் காதுக்கு 1,500. கார் வாடகை ஒரு 7,000. இதில் திருநாகேஸ்வரம் ராகு கோயிலுக்குப் போய் வந்த செலவைச் சேர்க்கவில்லை. அத்தை ஆசைப்பட்டுக் கேட்டார், ராகு காலத்தில் பாலாபிஷேகம் பார்த்துவிட்டு வந்து அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். அந்தப் பணத்தை நான் நஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். மற்றதெல்லாம் ஒரு சாண் நீளம்கூட இல்லாத, மனிதரைக் கடிக்க வாயே திறக்க முடியாத, எறும்பு முட்டை தின்று பிழைக்கிற, செவிப்பாம்பு என்கிற ஒரு பிராணிக்காகப் போனது. டெல்டாவில் ஓட்டு வீட்டில், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, வயசான மாமியாரும் சின்னப் பிள்ளையுமாக இருக்கிற என்னை மாதிரி ஒருத்திக்காவது இது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாம் வேறு மாதிரி சொன்னார்கள்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில். வீடு என் வீட்டுக்காரருடைய தாத்தா காலத்து நாட்டு ஓட்டு வீடு. முற்றம், கூடம், பின்கட்டு, அதைத் தாண்டிக் கொல்லை. பின்கட்டோடு ஒட்டிக் குளியலறையை மட்டும் அத்தைக்காக டைல்ஸ் போட்டுப் புதிதாகக் கட்டினோம். அதன் தண்ணீர் கொல்லையில் வாழைக்கும் கருவேப்பிலைக்கும் போகும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், சம்பா நடவெல்லாம் முடிந்து வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. கொல்லையும் அப்படித்தான், கால் வைத்தால் கணுக்கால் வரை சேறு. ஒரு காலையில் பையனைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனபோது தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கத்தில் ஈர்க்குச்சியை விடக் கொஞ்சம் கனமாக, கறுப்பாக ஒன்று கிடந்தது. மண்புழு என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். மண்புழு என்றால் நீண்டு சுருங்கி மெதுவாகப் போகும். இது உடம்பை இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி, டைல்ஸில் வழுக்கிக்கொண்டு சுவரோரம் ஓடியது. அப்போது பளபளவென்று ஒரு மினுக்கு. பையனைத் தூக்கிக்கொண்டு நான் முற்றத்துக்கு வந்த வேகம் எனக்கே தெரியாது.

எதிர்வீட்டு மாமா வந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை. வயலில் பாம்பு அடித்தே பழகியவர். விளக்குமாற்றுக் கட்டையால் ஒரே போடு. "கட்டுவிரியன் குட்டி ஆயி. குட்டி இங்க இருந்தா தாய் எங்க இருக்கும்? தரைக்குக் கீழதான்." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அதற்கப்புறம் மழை வலுத்த ராத்திரிகளில் எல்லாம் ஒன்றிரண்டு. தாய் உள்ளே இருந்துகொண்டு குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டோம். மஸ்கட்டில் இருக்கிற அவரிடம் வீடியோ காலில் சொன்னால், "மாமாவக் கேட்டுக்க" என்றார். மாமாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது தெரிந்திருந்தால் மற்ற எதுவுமே நடந்திருக்காது. கட்டுவிரியன் முட்டையிடும், குட்டி போடாது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே அதன் நீளம் 25 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு சாணைத் தாண்டிவிடும். கண் தெளிவாகத் தெரியும், உடம்பில் வெள்ளைப் பட்டைகள் இருக்கும், முதுகு நடுவில் ஓடுகிற ஒரு வரிசைச் செதில் மட்டும் மற்றதை விடப் பெரிதாக அறுகோணமாக இருக்கும். எங்கள் குளியலறையில் வந்தது முழுசாக வளர்ந்ததே பதினைந்து சென்டிமீட்டர். பட்டை கிடையாது. கண் என்று பார்த்தால் செதிலுக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளி, அதுவும் உற்றுப் பார்த்தால்தான். தலை எது வால் எது என்று ஓடாமல் கிடந்தால் சொல்ல முடியாது. ஊரில் இதைச் செவிப்பாம்பு என்கிறார்கள், புழுப்பாம்பு என்றும் சொல்வார்கள். செவிப்பாம்பு என்ற பெயர் அத்தைக்குத் தெரியும். ஆனால் செவிப்பாம்பு என்றால் அத்தைக்கு இன்னும் பயம்.

ஏனென்றால் அது தூங்குகிறவர் காதில் புகுந்துவிடுமாம். பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா வந்து உட்கார்ந்து, யாருக்கோ புகுந்து மூளை வரை போன கதையை அப்படியே நேரில் பார்த்த மாதிரிச் சொன்னார். அன்று முதல் பையனுக்கு இரண்டு காதிலும் பஞ்சு வைத்துப் படுக்கவைப்பது என்று ஆயிற்று. ஆறு வயசுப் பிள்ளை, தூக்கத்தில் விரலால் நோண்டி நோண்டிப் பஞ்சை உள்ளே தள்ளியிருக்கிறான். ஒரு நாள் விடியற்காலையில் "அம்மா காதுக்குள்ள ஏதோ அசையுது" என்று அலறினான். அந்த நேரத்தில் என் நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள். கார் பிடித்துக் கும்பகோணம் போய், காது மூக்கு தொண்டை டாக்டர் வரும்வரை வாசலில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, சின்ன இடுக்கியால் ஈரப் பஞ்சு ஒரு திரியை வெளியே எடுத்து டிரேயில் போட்டார். காதுக்குள் எறும்போ கரப்பான் குஞ்சோ போவதுண்டு, பாம்பு போய் நான் பார்த்ததில்லை என்றார். கொண்டையூசி, தீக்குச்சி எதையும் காதில் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பிள்ளைகள் காதில் பஞ்சு வைக்காதீர்கள், அவ்வளவுதான். இந்தப் பாம்புக்கு வேண்டியது மண்ணும் ஈரமும் எறும்புப் புற்றும். மனிதர் பக்கம் வர அதற்கு ஒரு வேலையும் கிடையாது.

அடுத்துதான் பெரிய செலவு. கொத்தனாரைக் கூட்டி வந்து மாமா முன்னிலையில் பேச்சு நடந்தது. தரையைக் கட்டையால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காலியா இருக்கு, பொந்து இருக்கு" என்றார் கொத்தனார். டைல்ஸ் எல்லாம் உடைத்து, மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டினார்கள். தாயும் இல்லை, பொந்தும் இல்லை. இருந்தது என்னவென்றால் கரையான் ஓடிய மண் குழாய்களும், ஒரு மூலையில் எறும்புக் கூடும். மண்வெட்டியில் வெள்ளை வெள்ளையாக எறும்பு முட்டை சிதறியது, அதற்குள்ளேயே இரண்டு செவிப்பாம்பு நெளிந்தது. விஷயம் கண் முன்னாடியே கிடந்தது, அங்கே நின்ற யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. அவை அங்கே சாப்பாட்டுக்கு வந்தவை. எறும்பு, கரையான் இரண்டின் முட்டை, புழு, கூட்டுப்புழு இதுதான் அவற்றின் தீனி. கரையான் இருக்கிற வரை அவை வரும். கொத்தனார் அவற்றை நசுக்கிவிட்டு, ஜல்லி கொட்டிக் கான்கிரீட் போட்டு மூடி, புது டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தார். வேலை நடந்த நாட்களில் அத்தை எதிர்வீட்டில் குளித்தார். எல்லாம் முடிந்து அடுத்த பலத்த மழையில் மறுபடியும் ஒன்று புது டைல்ஸ் மேல் ஓடியது. குழாய்க்கும் டைல்ஸுக்கும் நடுவில் விட்டிருந்த விரல் அகல இடைவெளி வழியாக. அன்று நான் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பணம் போனதற்காக இல்லை, இனிமேல் செய்ய என்ன இருக்கிறது என்று தெரியாததால்.

தரையை உடைக்கச் சொல்லி யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது மூன்று இடம்தான். தண்ணீர் போகும் ஓட்டையில் நஹானி டிராப் (ஓட்டைக்குள் வைக்கிற தண்ணீர் அடைப்பு) சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சல்லடை மூடி போட்டிருக்கிறதா என்பது ஒன்று. குழாய் சுவரில் நுழையும் இடத்தில் இடுக்கு இருக்கிறதா என்பது ஒன்று. கதவின் அடியில் எவ்வளவு சந்து என்பது ஒன்று. சல்லடை மூடியும் வெள்ளைச் சிமெண்டும் கதவடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டையும் சேர்த்து எனக்குக் கடைசியில் ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அதற்கப்புறம்தான் வரத்து நின்றது. குளியலறைச் சுவரோரம் வெளியே நான் ஆசையாக வரிசையாக வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளையும் தள்ளி வைத்தேன். நர்சரியிலிருந்து வாங்கிய தொட்டிகள். ஒன்றைத் தூக்கினால் அடியில் ஈர மண்ணில் இரண்டு சுருண்டு கிடந்தன. இந்தப் பாம்பு உலகம் முழுக்கப் பரவியதே தொட்டிச் செடி மண்ணோடுதான் என்று பின்னால் படித்தேன். அமெரிக்கா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என்று கப்பலேறிப் போயிருக்கிறது. போன இடத்தில் ஒன்று போதும், ஏனென்றால் இதில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே முட்டையிடும். 1803-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்ததே விசாகப்பட்டினத்தில் பிடித்த ஒன்றின் படத்தைப் பார்த்துத்தான். இருநூறு வருஷமாக எழுதி வைத்திருக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

இனி அந்த ராத்திரி. தரை வேலை முடிந்தும் பாம்பு வந்ததைப் பார்த்த மாமா, "கார்பாலிக் ஆசிட் ஊத்து ஆயி, அந்த வாடைக்கு நாகமே ஓடும்" என்றார். கும்பகோணத்தில் கடையில் பாட்டில் வாங்கி, வேலையாளை வைத்துக் குளியலறை மூலைகளிலும் வாசற்படியிலும் சாயங்காலம் ஊற்றினோம். கொஞ்சம் தண்ணீர் கலந்திருப்பார், எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி நாற்றம். ராத்திரி மழையில் மின்சாரம் போய்விட்டது. அத்தை இருட்டில் வெறுங்காலோடு எழுந்து குளியலறைக்குப் போய் வந்து படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, கால் மரத்த மாதிரி இருக்கு, லேசா சுருக்குன்னுச்சு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் வலது பாதத்தின் ஓரம் வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தது. தொட்டால் உணர்ச்சி இல்லை என்கிறார். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது, மரத்துப் போகும் என்று அதற்குள் எனக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது உண்மையும்கூட. அதனால்தான் எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமா ஓடி வந்து துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். 108-க்கு அடித்தேன். தூங்குகிற பையனை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு வண்டியில் ஏறினோம்.

ஆம்புலன்ஸில் வந்த உதவியாளர் முதலில் செய்தது அந்தக் கட்டை மெதுவாகத் தளர்த்தியது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும், திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும். கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆட்டாமல் அசைக்காமல், எலும்பு முறிந்த கையைக் காலை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதுதான். அரசு மருத்துவமனையில் உடனே பார்த்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து அசைக்காமல் நிறுத்தி வைத்தார். இருபது நிமிஷத்தில் உறையாவிட்டால் கண்ணாடி விரியன் மாதிரிப் பாம்பு கடித்திருக்கலாம். அத்தைக்கு உறைந்துவிட்டது. கட்டுவிரியன், நல்ல பாம்பு என்றால் ரத்தம் உறைந்துவிடும், ஆனால் நரம்பைத் தாக்கும். அதற்கு இமை சரிகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று மணிக்கு ஒருதரம் எண்ணச் சொன்னார்கள். அத்தை ஆயுசு முழுக்க நெல் அளந்தவர். மூச்சை இழுத்து, "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." என்று ஆரம்பித்தார். நர்ஸ் சிரித்துவிட்டார். அவ்வளவு பயத்திலும் எனக்கும் சிரிப்பு வந்தது. இருபதைத் தாண்டி எண்ணினார்.

பாம்புக்கடி ஊசியைப் போட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த மருந்து நாலு பாம்பின் விஷத்துக்கு மட்டும்தான், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978-இலிருந்து. சிலருக்கு இந்த மருந்தே கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் போடுவோம், அதுவரை 24 மணி நேரம் கண்காணிப்போம் என்றார். இதைச் சொல்லிக்கொண்டே அத்தையின் பாதத்தருகே குனிந்தவர் நிமிர்ந்து, "வீட்டில் பினாயில் மாதிரி ஏதாவது ஊற்றினீர்களா?" என்று கேட்டார். கார்பாலிக் ஆசிட் என்றேன். உடனே காலைக் குழாயடியில் காட்டி வெகுநேரம் தண்ணீர் விடச் சொன்னார். கடித்த தடமே இல்லை. அது ஆசிட் வெந்த காயம். கார்பாலிக் ஆசிட் என்பது பீனால்தான். தோலில் பட்டால் முதலில் வெளுக்கும், அந்த இடத்தை மரத்துப் போகச் செய்யும், அதனால் வெந்தது உறைக்காது. உறைக்காததால் யாரும் கழுவுவதில்லை, அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், தோல் வழியாக உடம்பிலும் ஏறும். அத்தைக்குச் சர்க்கரை வேறு. பாதம் ஆறுவதற்குப் பொங்கல் தாண்டிவிட்டது. கட்டுக் கட்டப் போய் வந்ததும் மாத்திரையும்தான் அந்தப் பதினேழாயிரமும் கார் வாடகையும்.

இந்த ஆசிட்டைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கிராமத்தில் கடைக்குக் கடை தருகிறார்கள், பாம்புக்கு என்று கேட்டால் போதும். பாம்பு அந்த வாடைக்கு ஓடுவது இருக்கட்டும், வீட்டில் வெறுங்காலில் நடக்கிற கிழவியும் தவழ்கிற பிள்ளையும்தான் அதை மிதிக்கிறார்கள். பூண்டுச் சாறு, கந்தகப் பொடி, ஆன்லைனில் வருகிற தெளிப்பு இதெல்லாம் பணத்தைத்தான் விரட்டும். நான் வாங்கிய பொடியைப் போட்ட இடத்திலேயே ஒரு செவிப்பாம்பு அதன் மேல் ஏறி இறங்கிப் போனதைப் பார்த்தேன். வீட்டில் ஏற்கெனவே ஆசிட் பாட்டில் இருந்தால் சாக்கடையில் கொட்டாதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி வைத்து, விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். யார் மேலாவது பட்டுவிட்டால் வலிக்கவில்லை என்று விடாமல் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரி.

மறுநாள் காலை வார்டில் டாக்டரம்மாவிடம் என் போனில் இருந்த படங்களைக் காட்டினேன். பார்த்தவுடனே, "இது விரியன் இல்லைங்க, புழுப்பாம்பு. விஷமே கிடையாது" என்றார். எனக்கு நிம்மதி வந்தது என்று எழுதினால் பொய். முதலில் எரிச்சல்தான் வந்தது. இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைப்பதற்குள் இவ்வளவு நடந்துவிட்டதே என்று. பக்கத்துக் கட்டிலில் நிஜமாகவே கட்டுவிரியன் கடித்து ஒரு அம்மா வந்திருந்தார். தரையில் பாய் விரித்துப் படுத்தவர், ராத்திரி வயிறு வலி என்று எழுந்திருக்கிறார், பூச்சி கடித்திருக்கும் என்று விடியும்வரை இருந்திருக்கிறார்கள். இமை இரண்டும் தொங்கி, பேச்சுக் குழறி வந்தவரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது, பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், அதற்கான தாளை அத்தைக்கும் எடுத்துவிட்டு, பிறகு கிழித்தார்கள்.

அந்த அம்மாவைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து நான் பார்த்த பார்வையே வேறு. அத்தை கூடத்தில் தரையில்தான் படுக்கிறார், கொசுவலை இல்லை. பின்கட்டில் நெல் மூட்டை, அதற்கு எலி. எலிக்கு என்ன வரும்? கொல்லைக் கதவை ஒட்டியே வைக்கோல் போர், அதன் பக்கத்தில் பழைய ஓடும் செங்கல்லும் குவியல். கொல்லைக்குப் போக விளக்குக் கிடையாது. எறும்பு முட்டை தின்கிற பிராணிக்காக முப்பத்தொன்பதாயிரத்துக்குத் தரையை உடைத்திருக்கிறோம், எலியும் தவளையும் மற்றப் பாம்பையும் தின்கிற கட்டுவிரியனுக்கு வீட்டையே திறந்து வைத்திருக்கிறோம். ஒரு கட்டில், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிடுகிற மாதிரிப் பெரிய கொசுவலை, தலைமாட்டில் ஒரு டார்ச், கொல்லையில் ஒரு எல்இடி விளக்கு. செங்கல்லை ஆள் வைத்துத் தள்ளி அடுக்கினேன், கையுறையும் கம்பும் இல்லாமல் தொடக் கூடாது என்று சொல்லித்தான். வைக்கோல் போரை அடுத்த அறுப்புக்கு இடம் மாற்றிப் போட்டோம். நெல் மூட்டை பலகை மேல் ஏறியது. வாசலில் கழற்றிப் போடுகிற செருப்பைத் தட்டிவிட்டுப் போடப் பையனுக்குப் பழக்கினேன். எல்லாம் சேர்த்துத் தரைச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. தனியாக, கரையானுக்கு மருந்தடிக்கிறவரைக் கூப்பிட்டேன். பின்கட்டு நிலையைத் திருப்புளியால் குத்திக் காட்டினார், பிடி வரை உள்ளே போயிற்று. செவிப்பாம்பு வந்த வீட்டில் மரச்சாமானை இப்படி ஒருதரம் குத்திப் பார்த்துவிடுங்கள்.

செவிப்பாம்பு இப்போதும் மழைக்கு எப்போதாவது வெளியே வரும். மண்ணில் தண்ணீர் நிறைந்தால் மூச்சு முட்டி மேலே வந்துதான் ஆக வேண்டும். ஒரு முறத்தையோ கெட்டி அட்டையையோ அதன் முன்னால் வைத்துத் துடைப்பத்தால் ஏற்றிக்கொண்டு போய் வாழையடியில் விட்டுவிடுகிறேன். கையில் பிடித்தும் பார்த்தேன், இதைச் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. மண்புழு மாதிரிக் கொழகொழப்பு இல்லை, காய்ந்த வழவழப்பு. வளையம் கிடையாது, செதில்தான், வயிற்றுப் பக்கமும் முதுகு மாதிரியே சின்னச் செதில். மற்றப் பாம்புக்கு வயிற்றில் அகலப் பட்டையாக இருக்கும், இதற்கு இல்லை. விரலிடுக்கில் புகுந்து புகுந்து வெளியேறப் பார்க்கும். வால் நுனியில் ஒரு குட்டி முள், அதைக் கையில் ஊன்றும். அதைத்தான் பலர் கொட்டிவிட்டது என்கிறார்கள். தோலைக்கூடத் துளைக்காது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேறு வேறு பாம்புகளின் குட்டிகளைச் சட்டென்று பார்த்து வித்தியாசம் சொல்லிவிடலாம் என்று நான் நினைக்க மாட்டேன். வெள்ளிக்கோல் வரையன் என்று ஒன்று, விஷமில்லாதது, பல்லி தின்பது, பார்வைக்குக் கட்டுவிரியன் மாதிரியே பட்டையோடு இருக்கும். ஒரு சாணுக்கு மேல் எதுவாக இருந்தாலும், பட்டையோ கண்ணோ தெரிந்தாலும் நான் தொடுவதில்லை. தள்ளி நின்று போனில் பெரிதாக்கி ஒரு படம், கதவைச் சாத்தி அடியில் துணி, தீயணைப்புத் துறைக்கு 101. அவர்கள் வந்து பிடித்துப் போவதற்குக் காசு கேட்பதில்லை. வருகிற வரைக்கும் ஒருவர் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கடி பட்டால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை, நேரம்தான் வீண், செத்த தலையும் கடிக்கும்.

மாமாவிடம் அந்த டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. "எதுக்கும் அடிச்சுப் போட்டுடறது நல்லது ஆயி" என்பதுதான் இன்றைக்கும் அவர் கட்சி. அடிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள் மாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அதைச் செய்கிறார். வாட்ஸ்அப்பில் மண்புழு, சாரை, தண்ணீர்ப்பாம்பு என்று எல்லாம் வரும். போன தை அறுப்பில் அவர் வைக்கோல் போர் அடியிலிருந்து ஒரு படம் வந்தது. முக்கோணத் தலை, முதுகில் சங்கிலி மாதிரிப் பழுப்பு வட்டம், கனத்த உடம்பு. தள்ளி நில்லுங்கள் மாமா என்று போன் போட்டுக் கத்திவிட்டு 101-க்கு அடித்தேன். கண்ணாடி விரியன்தான். வந்த தீயணைப்புக்காரர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு, போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதை அவர் இன்னும் செய்யவில்லை.